கிணற்றில் போட்ட பணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில் பணம் அனுப்பும் கடையொன்றின் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலை எவ்விதம் இருக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆறு நாள் வெயிலிலும் இரும்பிலும் உழைத்த தோழர்கள், ஏழாம் நாள் தங்கள் கூலியை ஊருக்கு அனுப்புவதற்காகக் கால் கடுக்க நிற்கிறார்கள். நமக்கு முன்னே நின்ற இளைஞர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஆயிரத்து நூறிலே நிறுத்த வேண்டாம் அம்மா, ஆயிரத்து முந்நூறு அடி போகச் சொல்லுங்கள்" என்ற சொற்கள் நம் காதில் விழுந்தன. பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது நன்னடத்தையாகாது. ஆயினும் அன்று நாம் காது கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நமது சட்டைப் பையிலிருந்த பணமும் அதே காரியத்துக்கு, அதாவது ஆழ்துளைக் கிணறு ஒன்று இறக்குவதற்கு, அனுப்ப வேண்டிய பணமே.

நமது கிணற்றின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். நமது பாட்டனார் 1920-களில் கங்காணியோடு கப்பலேறி, ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். ஊர், பச்சைமலையின் கீழ்ப்புற அடிவாரத்தில், இப்பொழுது பெரம்பலூர் மாவட்டம் என வழங்கும் சீமையில் இருக்கிறது. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, வானம் பார்த்த பூமி. பாட்டனாரின் தமையனார் ஊரிலேயே நின்று, நாலு ஏக்கர் நிலத்தையும் நாற்பத்தைந்து அடிக் கிணறு ஒன்றையும் காத்துவந்தார். நிலம் இன்றுவரை பாகம் பிரிக்கப்படவில்லை. ஆதலால் பாட்டனார் பால்மரம் வெட்டிய கூலியிலும், நமது தகப்பனார் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்திலும், பின்னர் நமது சேமநிதியிலும் அக்கிணற்றுக்கு எப்பொழுதும் ஒரு பங்கு இருந்துவந்தது.

1967-ம் வருஷம், நமக்குப் பன்னிரண்டு வயதாகையில், தகப்பனார் நம்மை 'ரஜூலா' கப்பலில் ஏற்றி அந்த ஊருக்கு அழைத்துச் சென்றார். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் கவலை இறைப்பின் ஓசை கேட்டு விழித்துக்கொண்டோம். இரண்டு மாடுகள் சரிவான வாரியில் இறங்கி நடக்க, வடம் உருளையின் மேல் முனகிக்கொண்டு ஓட, சால் நிறைய நீர் மேலே வந்து, தும்பி என்னும் தோற்குழாய் வழியாகத் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி மேட்டில் ஏறும்; சால் மறுபடியும் இறங்கும். பத்து மணிக்குப் பெரிய தாத்தா மாடுகளை அவிழ்த்துவிட்டார். கிணற்றில் இன்னும் நீர் இருந்தது. "ஏன் நிறுத்திவிட்டீர்கள், தாத்தா?" என்று கேட்டோம். "மாட்டுக்கு மூச்சு வாங்குகிறது, கிணறும் ஊறவேண்டும்" என்றார். பிற்காலத்தில் நாம் படித்த பொருளாதாரப் புத்தகங்கள் எவற்றிலும் இத்தனை சுருக்கமான விடை நமக்குக் கிடைத்ததில்லை. அடுத்த சால் நீருக்கு என்ன விலை என்பதை மாட்டின் மூச்சு சொல்லிவிடும். விலை ஏறியதும் மனிதன் நிறுத்திவிடுவான். இரவெல்லாம் பாறை இடுக்குகளிலிருந்து ஊற்று கசிந்து, மறுநாள் காலை கிணறு பழைய மட்டத்துக்கு வந்துவிடும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். அதே காலையில் வேறொன்றையும் கண்டோம். அந்தத் தும்பியைத் தைத்துக் கொடுத்த முதியவர் தொட்டியின் ஓரத்தில் எட்ட நின்று, பிறர் ஊற்றிய நீரை இரு கையும் ஏந்திக் குடித்தார். அவர் தைத்த தோல் நாளெல்லாம் கிணற்றுக்குள் போய் வரலாம். அவருடைய குடம் போகக்கூடாது! நிலம் உடையவனுக்கே நீர் என்ற சட்டத்துக்கு மேல், நிலம் உடையவன் தீண்ட அனுமதித்தவனுக்கே நீர் என்ற வழக்கமும் அன்று ஆட்சி புரிந்தது. அந்த முதியவருக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. பின்னால் வந்த இலவச மின்சாரத்தாலும் அவர் வீட்டாருக்கு ஒரு சொட்டுப் பாசன நீரும் கிடைக்கவில்லை. பம்பு இல்லாதவருக்குப் பம்புச் சலுகையால் என்ன பயன்?

நிற்க. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியபின் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் வந்தது. நமது ஊருக்கு அது வந்துசேர மேலும் நாற்பது வருஷங்கள் பிடித்தன. 1974-ல் பெரிய தாத்தாவின் மகன் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை வைத்தார். மாடுகளும் வடமும் விற்கப்பட்டன. அப்பொழுது மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் கட்டணம் இருந்தது. அந்தக் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் உழவர்கள் நடத்திய கிளர்ச்சியை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உழவர்கள் உயிரிழந்தனர். 1972-ல் கோயமுத்தூர் நகரத்து வீதிகளை மாட்டு வண்டிகளால் அடைத்தனர். பைசாக் கணக்குக்காக மனிதர்கள் உயிர்விட்டார்கள் என்றால், அந்தப் பைசாவில் அவர்களுடைய வாழ்வே தொங்கிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்?

அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் காவிரி தானே வயலுக்கு வருகிறது. குடியானவர் சொற்பமான தீர்வையைச் செலுத்தினால் போதும். மேட்டு நிலத்துக் குடியானவரோ தன் கைப்பணத்தில் கிணறு வெட்டி, மோட்டார் வாங்கி, மின்சாரத்துக்கும் கட்டணம் செலுத்தி, அதே சந்தையில் அதே விலைக்கு விளைபொருளை விற்கவேண்டும். இது என்ன நீதி என்று அவர் கேட்டார். 1984-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் சிறு, குறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. சில வருஷங்களில், 1989-ல் பதவியேற்ற கருணாநிதி சர்க்கார் பம்புசெட்டு வைத்திருந்த எல்லோருக்கும் இலவசமாக்கியது. 2003-ல் கட்டணம் திரும்ப வந்தது, 2004-ல் போய்விட்டது. பின்னர் அதைத் தொட்டுப் பார்க்க எந்தக் கட்சியும் துணியவில்லை. இன்று தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புகளுக்கு மின்சாரம் இலவசம். கேட்டதில் நியாயம் இருந்தது. கொடுத்த விதத்தில்தான் கேடு புகுந்தது.

அந்தக் கேடு எப்படிப் புகுந்தது என்பதை நமது நாலு ஏக்கரிலேயே காணலாம். விலை பூஜ்யமானதும், நிறுத்தச் சொல்வதற்கு மாட்டின் மூச்சும் இல்லை, மின்சார பில்லும் இல்லை. மின்சாரம் எந்த நேரம் வரும் என்று தெரியாததால், அது வந்தவுடன் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பூட்டிவிட்டுக் குடியானவர் உறங்கப் போனார். நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வரும், மோட்டார் ஓடும், பாத்தி நிரம்பி வழிந்து பாதையில் நீர் ஓடும். எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடுவதால் அழுத்தம் குறைந்து காயில் கருகும். காயில் கட்ட ஒரு செலவு. கம்பும் சோளமும் விளைந்த மண்ணில் சின்ன வெங்காயமும் மஞ்சளும் வந்தன. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், கரும்பும் வந்தது. கிணறு எழுபது அடியாயிற்று. கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளை போட்டார்கள். 1998-ல் முதல் ஆழ்துளைக் கிணறு, 350 அடி. 2005-ல் இரண்டாவது, 700 அடி. 2017-ல் மூன்றாவது, 1,100 அடி. மூன்றுக்கும் பெரும்பகுதி சிங்கப்பூர் வெள்ளி; அனுப்பியவர்கள் நாம்.

இரண்டாவது கிணற்றுக்கு இடம் பார்க்க, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலில் நடக்கும் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். தேங்காய் எங்கே நிமிர்ந்து நிற்கிறதோ அங்கே நீரோட்டமாம்! அது ஈசானிய மூலையில் நிமிர்ந்து நின்றது; அங்கே துளைத்ததில் புழுதி பறந்தது. நில நூல் கற்றவர்கள் கருவி வைத்துப் பாறையின் மின்தடையை அளந்து சொல்லும் முறை பல காலமாக இருந்துவருகிறது. அதிலும் தவறு நேரலாம். ஆனால் தேங்காய்க்குக் கொடுத்த ஐயாயிரம் ரூபாயை எண்ணும்பொழுதெல்லாம், சாமான் விலைக்குத் தேங்காயைச் சட்னிக்கு வாங்கியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். மறுமுறை நூறு கஜம் தள்ளித் துளைத்த இடத்தில்தான் நீர் வந்தது.

தமிழ்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடும்பாறை. அதில் நீர் குளம்போல் நிறைந்து கிடப்பதில்லை. மேலேயுள்ள சிதைந்த மண்ணிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான் தங்குகிறது. கீழே போகப்போக வெடிப்பு குறையும், நீரும் குறையும், செலவோ கூடும். பூமியிலிருந்து நீரை மேலே ஏற்றுவதற்கு வேண்டிய வேலையை யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். நீர்மட்டம் 45 அடியில் இருந்தால் ஆயிரம் லிட்டரை மேலேற்றப் பத்தில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். மட்டம் ஆயிரம் அடிக்குப் போய்விட்டால், நடைமுறையிலுள்ள பம்பின் விரயத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 2 யூனிட் வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால் அது 48 லட்சம் லிட்டருக்கு மேல். அவ்வளவையும் அந்த ஆழத்திலிருந்து எடுத்தால் பதினாயிரம் யூனிட்டை நெருங்கும். குடியானவருக்கு இது இலவசம். ஆனால் மின்சார வாரியத்துக்கு இலவசம் அல்ல. வாரியத்துக்கு ஈடு கொடுக்கும் சர்க்காருக்கும், அந்தச் சர்க்காருக்குக் கடையில் சோப்பு வாங்கும்போதும் வரி கொடுக்கும் நிலமற்ற கூலிக்காரருக்கும் இலவசம் அல்ல.

ஒரு நாள் இரவு வீம்புக்காக மற்றொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். நமது வீவக வீட்டுத் தண்ணீருக்கு, 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டருக்குட்பட்ட செலவில் ஒரு கன மீட்டர் 3 வெள்ளி 24 காசு. அதில் 1991 முதல் விதிக்கப்படும் நீர்ப் பாதுகாப்பு வரியும் அடக்கம். அந்த விலைக்கு அந்த ஏக்கர் நெல்லுக்குப் பாய்ச்சினால் 15,700 வெள்ளியாகிறது! குடிக்கத் தகுந்ததாகச் சுத்திகரித்துக் குழாயில் வரும் நீரையும் வயல் நீரையும் ஒப்பிடுவது முறையன்று என்பதை அறிவோம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஆன் சியாங் குன்றின் கிணற்று நீரை மாட்டு வண்டியில் ஏற்றி விற்ற காலத்திலேயே, கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி, என்று ஒரு பேட்டைக்குப் பெயர் வைத்த நகரம் இது. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை முறைவைத்துக் குழாயை அடைத்தபோது, எட்டு வயதில் நாமும் தகரத்தில் நீர் பிடித்து அடுக்கியிருக்கிறோம். இங்கே முகம் கழுவும்பொழுது குழாயை மூடும் கை, அங்கே இராப்பகலாக மோட்டார் ஓடுவதற்குப் பணம் அனுப்பியது. இவ்விரு கைகளும் ஒரே உடலைச் சேர்ந்தவை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைவரை நமக்கு உறைக்கவில்லை.

வரிசை மெல்ல நகர்ந்தது. "எந்த ஊர், தம்பி?" என்று கேட்டோம். அவர் சொன்ன ஊர் நமது ஊர். யார் வீடு என்று விசாரித்ததில், நமது நிலத்துக்குக் கீழ்ப்புறம் உள்ள இரண்டு ஏக்கர் அவர் தகப்பனாருடையது என்று தெரிந்தது. நாம் யார் என்பதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிங்கப்பூர் ஐயா நீங்கள்தானா!" என்றார்.

பணம் அனுப்பாமலே இருவரும் வரிசையை விட்டு விலகித் தேநீர்க் கடைக்குப் போனோம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சுருக்கித் தருகிறோம். அவர்களுக்கு இருந்தது அறுபது அடித் திறந்த கிணறு. 2017-ல் நமது 1,100 அடித் துளையில் நீர் கண்டு ஒரு மாதத்துக்குள் அவர்களுடைய மோட்டார் காற்றை இழுத்தது. தகப்பனார் வட்டிக்கு வாங்கி இரண்டு துளை போட்டார், இரண்டிலும் நீரில்லை. கடனை அடைப்பதற்காக, படிப்பை நிறுத்திவிட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி அவர் இங்கே வந்தார். இந்த ஆறு வருஷத்தில் கடன் தீர்ந்துவிட்டது. இப்பொழுது மூன்றாவது துளைக்குப் பணம் சேர்ந்திருக்கிறது.

"எங்கள் மேல் உங்களுக்கு வருத்தம் இருக்குமே, தம்பி?" என்றோம்.

"அதற்கென்ன ஐயா, எங்கள் அப்பாவிடம் அன்றைக்குப் பணம் இருந்திருந்தால் அவர் முந்தியிருப்பார், உங்கள் கிணறு வற்றியிருக்கும்" என்றார்.

2016-ன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று சர்க்கார் அறிவித்தது. ஆகவே அவர்கள் கிணறு வற்றியதற்கு வானமே காரணமாயிருக்கலாம். பாறைக்குள் எந்த வெடிப்பு எந்த வயலுக்குப் போகிறது என்பதைக் கண்டவர் யார்? இப்படியெல்லாம் நாம் நமக்குள் வாதாடிப் பார்த்தோம். அந்த வாதம் எந்த நீதிமன்றத்திலும் வெல்லும். 1882-ம் வருஷத்துச் சட்டப்படி தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுப்பது நிலம் உடையவன் உரிமை. அயலான் கிணறு வற்றினால் வழக்கு நில்லாது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2003-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே 2013-ல் ரத்தாயிற்று. மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மழை கொடுப்பதைவிட அதிகமாக உறிஞ்சின என்று மத்திய சர்க்காரின் 2020-ம் வருஷத்து அளவெடுப்பே சொல்லியது. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் தேசம் இந்தியா: ஆண்டுக்கு ஏறக்குறைய 240 கன கிலோமீட்டர். அதில் மிகப் பெரும்பகுதி பாசனத்துக்கே போகிறது. செல்வம் கொழிக்கும் கலிபோர்னியாவே 2014-ல்தான் இதற்கு மாநிலச் சட்டம் செய்தது என்றால், பச்சைமலை அடிவாரத்தைக் குறை கூறுவானேன்?

சட்டம் வரும்வரை ஊர் சும்மா இருக்கவேண்டும் என்பதில்லை. மஹாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பஜார் என்ற சிற்றூர், பாசனத்துக்கு ஆழ்துளை போடுவதில்லை, கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என்று தானே கட்டுப்பாடு செய்துகொண்டது. அந்த வருஷ மழையை அளந்து பார்த்து, கிராம சபையில் கணக்குப் போட்டு, என்ன பயிர் வைக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். பஞ்சாபில் 2018-ல் வேறொரு வழியைச் சோதித்தார்கள். மின்சாரத்துக்கு விலை கேட்கவில்லை. ஒரு அளவு வைத்து, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவருக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். நமக்கு இந்த இரண்டாவது ஏற்பாட்டில் பெரும் நம்பிக்கை உண்டு. இலவசத்தைப் பறித்தால் கிளர்ச்சி வரும், வரவும் வேண்டும். மானியத்தை மோட்டாருக்குக் கொடுக்காமல் மனிதருக்குக் கொடுத்தால், மோட்டாரை நிறுத்துவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம் கிடைக்கிறது, நல்லதே. ஆனால் நமது அண்ணனார் அதனால் மிஞ்சிய நீரைக்கொண்டு தரிசாகக் கிடந்த முக்கால் ஏக்கரையும் நட்டுவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம். பங்காளி முறையில் அவர் நமக்கு அண்ணன், எழுபத்தைந்து வயது. "அண்ணா, பணம் அனுப்பவில்லை. கீழ்ப்புறத்துக்காரரும் நாமும் சேர்ந்து ஒரே துளையாகப் போட்டு, முறைவைத்துப் பாய்ச்சிக்கொண்டால் என்ன? பாதிச் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்" என்றோம்.

அவர் சிரித்தார். "கூடப் பிறந்தவர்களே கிணற்றுப் பங்குக்குக் கோர்ட்டில் நிற்கிறார்கள். மின்சாரம் யார் பெயரில் இருக்கும்? மோட்டார் கருகினால் யார் எடுப்பது? நீ அங்கே இருந்துகொண்டு நியாயம் பேசுகிறாய், தம்பி. நான் போடாவிட்டால் அவன் போடாமல் இருப்பானா?" என்றார். அவன் போடத்தான் போகிறான் என்பது நமக்கு அன்று மாலையே தெரியும். அதை அண்ணனாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டுமா கூடாதா என்பதை இன்னும் நம்மால் முடிவு செய்ய இயலவில்லை.

அடுத்த ஞாயிறு நாம் அதே யோசனையை அந்த இளைஞரிடமும் சொன்னோம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன், ஐயா. ஆனால் துளை போடும் வண்டிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது" என்றார்.

பத்து நாளில் வண்டி வந்தது. 1,240 அடியில் ஒன்றரை அங்குலம் தண்ணீர். வயலில் நீர் பீறிடுவதையும், தாயார் அதில் கை நனைத்து நிற்பதையும் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அதை அவர் மகிழ்ச்சியோடு நமக்குக் காட்டினார். நாமும் மகிழ்ந்தோம், அது பொய்யல்ல.

போன புதன்கிழமை அண்ணனாரிடமிருந்து தொலைபேசி வந்தது. முன்பு மூன்று மணி நேரம் ஓடிய நமது மோட்டார் இப்பொழுது நாற்பது நிமிஷத்தில் காற்றை இழுக்கிறதாம். நீ எவ்வளவு அனுப்ப முடியும் என்று கேட்டார்.